விருந்துக்கு வெட்டிய ஆடு

மண்சரிவில் வீட்டை இழந்த மாணவன் மீர்லானுக்குப் பல்கலைக்கழகத்தின் அவசர உதவித்தொகை கொடுக்கலாமா என்று நேரில் பார்த்துவர, அதிகாரி ஜிபார்குல் நாரின் மலைப்பக்கம் போனாள்.

மீர்லான் குடும்பம் தங்கியிருந்த கூடாரத்துக்குள் விரிப்பு கொள்ளாமல் ரொட்டியும் ஜாமும், ஆவி பறக்கும் ஆட்டுக்கறியும் இருந்தன. "நீங்க ஒண்ணுமே சாப்பிடலையே!" என்று மீர்லானின் அம்மா அள்ளி அள்ளி வைத்தாள். ஜிபார்குல் வயிறு முட்டத் தின்றாள். திரும்பி வந்ததும், "ஆடு வெட்டுற வீட்டுக்கு உதவி என்னத்துக்கு?" என்று மறுத்துவிட்டாள்.

வசந்தகாலத்தில் ஒருநாள் தலைநகர் பிஷ்கேக்கின் சந்தையில், கூலிக்கு மாவு மூட்டை சுமந்தபடி எதிரே வந்தான் மீர்லான்.

"ஏன்டா, வகுப்புக்குப் போகலையா?"

"படிப்ப விட்டுட்டேன் அக்கா. பக்கத்து வீட்டுக்கு ஒரு ஆடு திருப்பிக் குடுக்கணும்."

"எந்த ஆடு?"

கேட்ட வாய் மூடுமுன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. விருந்தாளி வந்தால் கடன் வாங்கியாவது ஆடு வெட்டுகிற ஊர்தானே இது! அவளைப் பெற்றவளும் அப்படித்தான் செய்திருப்பாள். பாவி, தின்றபோது அந்த நினைப்பு வரவில்லையே.

மீர்லான் கூச்சத்தோடு சிரித்தான்.

"அத விடுங்கக்கா. அன்னைக்குக் கறி நல்லா வெந்திருந்துச்சா? அம்மா இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்க."