நாலு மணிச் சங்கு

பதினெட்டு வருஷம் ஒரே வேலையைச் செய்த கை, நீங்கள் சொல்வதைக் கேட்டுத்தான் அசையும் என்று நினைக்கிறீர்களா?

கொரியாவின் பொஹாங் கடற்கரையில் மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒக்புன் அப்படி நினைக்கவில்லை. அவள் கடையை ஒட்டி நிற்கும் பெரிய பைன் மரத்தின் நிழல் யாருக்கு என்பதை ஒவ்வொரு கோடையும் கயிறு இழுத்துத்தான் முடிவு செய்வார்கள். ஒரு பக்கம் கடற்கரைக் கடைக்காரர்கள். எதிர்ப்பக்கம், துறைமுகத்தில் கப்பல்களைக் கரையோடு கட்டி அவிழ்க்கும் கயிறுகாரர்கள். மூன்று கோடையாக ஜெயித்தது அவர்கள்தான். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து அந்த நிழலில் பாய் விரித்துத் தூங்குவார்கள். ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட ஒக்புன் போட்டிருக்கும் பலகைக் கட்டில்கள் வெயிலில் காயும். சாப்பிட வருகிறவர்கள் பலகையைத் தொட்டுப் பார்த்ததுமே அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார்கள். இந்த வருஷமும் தோற்றால் கடையை மூடிவிட்டுத் தேகுவுக்கு வந்துவிடுவதாக மகளிடம் சொல்லியாகிவிட்டது. கடல் இல்லாத ஊர் அது.

போட்டி மூன்று மணிக்கு என்று பேச்சு. முதலில் எல்லோரும் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று ஒக்புன் பிடிவாதம் பிடித்தாள். ஐஸ் மிதக்கும் மீன் சாறு கிண்ணம் கிண்ணமாக வந்தது. பதினெட்டு வருஷமாகக் கப்பல் கயிறு பிடிக்கும், கயிறுகாரர்களின் மேஸ்திரி குவாங்மோ இரண்டாவது கிண்ணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாவதையும்தான். அதற்கப்புறம் ஒக்புன், கயிற்றின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி கோணலாக இருக்கிறது என்று அவிழ்த்து, நிதானமாகத் திரும்பக் கட்டினாள்.

"என்னக்கா, தோக்கிறதுக்கு நல்ல நேரம் பாக்குறீங்களா?" என்றான் குவாங்மோ.

"சும்மா இரு தம்பி. கோணலா இருந்தா நாளைக்கு நீதான் வந்து சண்டை போடுவே."

நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது இழுப்பு ஆரம்பித்தது. கடைக்காரர்கள் மணலை உழுதுகொண்டே முன்னால் சறுக்கினார்கள். சோளம் சுடும் சாங்பேயின் செருப்பு மணலோடு போயிற்று. சிவப்புத் துணி கயிறுகாரர்கள் பக்கத்து வெற்றிக்கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

அப்போது துறைமுகத்தில், இரும்புச் சுருள் ஏற்றிய கப்பல் கிளம்புவதற்கு நீளமாக ஒரு சங்கு ஊதியது. அன்று அதை அவிழ்க்கும் முறை வேறு குழுவுக்கு. ஆனால் கயிறுகாரன் கைக்கு அந்தச் சங்கு சொல்வது ஒன்றுதான்: கயிற்றை விடு, தள்ளி நில். பன்னிரண்டு பேரும் விட்டார்கள். ஒழுங்காகத் தள்ளியும் நின்றார்கள். கடைக்காரர்கள் மொத்தமாக, கயிறும் சிவப்புத் துணியும் மேலே கிடக்க, மல்லாக்க விழுந்தார்கள்.

குவாங்மோ தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இது செல்லாது, திரும்ப இழுக்கணும் என்று ஆரம்பித்தான். ஒக்புன் விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

"கப்பல் கிளம்புற நேரம் உனக்குத் தெரியாதா தம்பி? கடையில உக்காந்திருக்கிற எனக்கே தெரியுதே."

அவனுடைய ஆட்களே சிரித்துவிட்டார்கள்.

"மூணாவது கிண்ணம் வந்தப்பவே யோசிச்சிருக்கணும்" என்றான் அவன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கயிறுகாரர்கள் வந்து, ஒக்புன்னின் ஆறு கட்டில்களையும் தூக்கி மரத்தடியில் போட்டார்கள்.