கணினிக்குள் இருக்கும் லாபிர்

1.

முதலில் யார் எங்கே இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். விவசாய சங்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதிப் பழகிய கை அப்படித்தான் தொடங்கும். கற்பிட்டியில், ஒரு வெங்காயக் கொட்டில். தலைவர் தாஹிர் ஹாஜியார் பிளாஸ்டிக் கதிரையில். வெங்காயம் பயிரிடும் லாபிர் சாக்கு மூட்டையின் மேல். அவன் மனைவி நுஸ்ரா, கொழும்பில் ஆய்வுகூட வேலை, மடிக்கணினியோடு நீள மர வாங்கில். செயலாளராகிய நான் தேநீர்த் தட்டோடு வாசலில். இந்தக் கதை பிறந்தது அந்தத் தட்டில்தான்.

2.

[கைவிட்ட தொடக்கம்: "கூண்டுக்குள் ஒரு வெள்ளை முயல் தன் கண்களை..." வேண்டாம். அந்த முயலை நான் பார்த்ததில்லை. உங்களை அழவைக்க அதைக் கூட்டிவருவது சரியில்லை.]

வெங்காயத்துக்கு அடிக்கும் புதுப் பூச்சிமருந்தொன்று தெளிப்பவர் உடம்புக்குக் கெடுதியா? முயல்களின் தோலில் பூசிப் பார்ப்பதா, கணினிக் கணக்கை ஏற்பதா? பூச்சிமருந்துகளைப் பதிவுசெய்யும் காரியாலயம் எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தது. அந்தக் கணக்கைச் செய்தவள் நுஸ்ரா. மருந்து தோலால் நுழைந்து, இரத்தத்தில் ஓடி, சிறுநீரில் வெளியேற எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதே கணக்கு.

"கணினிக்கு உள்ளுக்கு ஈக்கிற ஆள் நான்தான் ஹாஜியார்," என்றான் லாபிர். "என்ட நிறை, என்ட உயரம். கல்யாணத்தண்டு கூட இவ என்ன இவ்வளவு உத்துப் பார்க்கல்ல."

"சும்மா இரிங்க," என்றாள் நுஸ்ரா. திரையில், இரத்தத்திலுள்ள மருந்தைக் காட்டும் கோடு ஏறி, மறுநாள் விடியுமுன் இறங்கியது.

"முயல் தப்பிச்சிட்டு," என்றார் ஹாஜியார். "கடிதத்த எழுதுங்க, செயலாளர்."

3.

தட்டை நீட்டினேன். லாபிர் தன் கோப்பையை ஹாஜியார் பக்கம் தள்ளினான்.

"திங்கக்கிழம. நோன்பு." வாராவாரம் அவன் பிடிப்பது.

(லாபிரை வெறும் பகிடிக்காரனாக எழுதத்தான் நினைத்திருந்தேன். இந்த இடத்தில் அவன் என் கையை மீறினான்.)

நுஸ்ரா அந்தக் கோப்பையையே பார்த்தாள். "காலையில மருந்தடிச்சீங்களா?"

"ஓம்."

"தண்ணி?"

"நோன்புக்காரன்ட்ட கேக்கிற கேள்வியா புள்ள?"

ஹாஜியார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கணினிக்குள் இருந்த லாபிர் நாள் முழுதும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பகலில் அதை அவள் நிறுத்தினாள். சிறுநீர் குறைந்து, கோடு விடிந்தும் இறங்கவில்லை. ரமழான் முழுதும் ஓடவிட்டாள். ஒவ்வொரு தெளிப்பும் முந்தியதன் மேல் ஏறி உட்கார்ந்து, ஆபத்து எல்லையைத் தாண்டியது.

"இத அனுப்பினா, கணக்கு பிழை, முயலுக்கே போங்கன்டு சொல்லிருவாங்க," என்றார் ஹாஜியார். "உன்ட உழைப்பெல்லாம் போயிரும் மகள்."

"அனுப்பாட்டி இவரு போயிருவாரு."

லாபிர் பகிடி விடவில்லை. "நோன்ப விடேலாது," என்றான் மெதுவாக.

"நோன்ப விடச் சொல்லல்ல. நோன்பண்டு மருந்தத் தொடாதீங்க."

4.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் காரியாலயம் கணக்கை ஏற்கிறது. மற்றதில் கூண்டுகள் வந்து இறங்கு... இரண்டையும் அடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது கடிதம் மட்டுமே. நுஸ்ரா சொல்லச் சொல்ல எழுதினேன்:

"எங்கள் கணக்கில் பிழை இருந்தது. திருத்தி, இரண்டு கோடுகளையும் இணைத்திருக்கிறோம். நோன்பு நாளில் தெளிக்கக் கூடாதென்று போத்தலில் எழுதுங்கள். எத்தனை முயல்களை வைத்தாலும் இது தெரிந்திராது. அவை தண்ணீர் குடித்துக்கொண்டேயிருக்கும்."

உறையை ஒட்ட நாக்கை நீட்டினேன். லாபிர் பறித்துக்கொண்டான். "என்ட உடம்பு. நான்தான் ஒட்டுவன்."

"நாக்கால நனைக்கேலாதே இப்ப?" என்றேன்.

"பாங்கு சொல்லட்டும்."

நோன்பு திறக்கும் அந்தித் தொழுகை அழைப்புக்குக் காத்திருந்தோம். பாங்கு கேட்டதும் நுஸ்ரா கோப்பை நிறையத் தண்ணீர் கொடுத்தாள். பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு அவன் குடித்தான். அவள் இன்னொரு கோப்பை ஊற்றினாள். அதன் கடைசித் துளிகளில் விரலை நனைத்து உறையின் ஓரத்தில் இழுத்தான், அழுத்தினான். புத்தளம் பஸ் ஹோர்ன் அடித்தது. ஓடிப்போய் கொண்டக்டர் கையில் கொடுத்தேன்.