நீல நாடாவில் ஒரு சாவி

“நெருப்புப் பக்கத்துல நின்னும் இந்தக் குழந்தை எதுக்குக் கழுத்தைச் சுத்தி மூடியிருக்கு?” என்று ஹார்கோம் டியூக் ஒருமுறை என்னிடம் கேட்டார். வைட்ஹால் அரண்மனையின் சலவைக்கூடத்திலிருந்து அவருடைய கழுத்துப் பட்டிகளை அம்மாவும் நானும் எடுத்துப் போயிருந்தோம். தங்கை ஹெட்டி என் பாவாடையைப் பிடித்தபடி நின்றாள். பெரியவர்கள் கேட்டால் எனக்கு நாக்கு எழாது. பள்ளிக்கூடம் நின்றதும் அதனால்தான். அம்மாதான் துணியை அவிழ்த்துக் காட்டினாள். கண்டமாலை. இரண்டு கட்டிகள் உடைந்திருந்தன, மூன்றாவது தொண்டையை நெரித்துக்கொண்டிருந்தது. ராஜா தொட்டு, வெள்ளை நாடாவில் கோத்த பொற்காசைக் கழுத்தில் மாட்டினால் வற்றிவிடும் என்று ஊரே நம்பியது. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை தொடுவார். அதை விட்டால் கோடை கழிந்துதான். பாலில் ஊறிய ரொட்டியே இறங்காத பிள்ளை அதுவரை தாங்காது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

“ராஜா தொடுறதுக்குச் சீட்டு வாங்கிட்டோம், பிரபு,” என்றாள் அம்மா.

“அந்தக் கூட்டத்துலயா? போன தடவை ரெண்டு பேரை மிதிச்சே கொன்னுட்டாங்க. பின்படி வழியா நானே ராஜாகிட்ட கூட்டிட்டுப் போறேன். இது பின்ன எதுக்கு இருக்கு?” என்று மார்பில் நீல நாடாவில் தொங்கிய சாவியைத் தட்டிச் சிரித்தார். ராஜாவின் படுக்கையறை வரை திறக்கும் சாவி.

செவ்வாய்க்கிழமை துணி மூட்டையோடு பின்படி வழியாகப் போனபோது பூட்டுக்காரன் கதவின் முன் மண்டியிட்டிருந்தான். அரண்மனை அதிகாரி ஒருவர் அருகில் நின்றார்.

“பழைய சாவி ஒண்ணும் இனிமே சேராதுங்க.”

“சேரக் கூடாதுன்னுதானே மாத்துறோம்.”

அன்று பிற்பகல் டியூக் கடந்து போகையில் காவலர்கள் பெஞ்சிலிருந்து எழவில்லை. ஒருவன் காலைக்கூட மடக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை. சலவைப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதி, என் மற்ற தாள்களோடு வைக்கோல் மெத்தைக்கு அடியில் செருகினேன். எழுதியதும் சொல்லிவிட்டதுபோல் இருந்தது.

வியாழக்கிழமை அம்மா எங்கள் சீட்டை ரொட்டிக்கடை மிஸஸ் காப் கையில் கொடுத்தாள். அவள் மகளுக்கும் இதே நோய். “எடுத்துக்கோம்மா. எங்களுக்குத்தான் டியூக்கே இருக்காரே.” நான் பக்கத்தில்தான் நின்றேன். மிஸஸ் காப் அழுதுகொண்டே எனக்கும் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

டியூக் ராஜாவின் தயவை இழந்துவிட்ட செய்தி வெள்ளிக்கிழமை சலவைக்கூடத்துக்கு வந்துவிட்டது. “ஹார்கோம் பிரபுவோட பட்டிக்குக் கஞ்சி கொஞ்சம் கூடப் போடுங்கடி,” என்றாள் கூடத் துவைக்கும் பெஸ். “கழுத்தாவது நிமிர்ந்து நிக்கட்டும்.” எல்லோரும் சிரித்தார்கள்.

“வாயை மூடிட்டு வேலையைப் பாருங்கடி,” என்றாள் அம்மா. கஞ்சித் தொட்டிக்குள் இருந்த அவள் கைகள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

சனிக்கிழமை காலை சொன்ன நேரத்துக்கு டியூக் வந்தார். பட்டி விறைப்பாக நின்றது. ஹெட்டியின் கையைத் தானே பிடித்துக்கொண்டு பின்படி ஏறினார். நான் பின்னால் போனேன். சுவருக்கு அப்பாலிருந்து பாதிரியாரின் ஜெபம் கேட்டது, இடையிடையே இருமல்களும் குழந்தைகளின் அழுகையும். அவர் நாடாவைக் கழற்றிச் சாவியை நுழைத்தார். திரும்பவில்லை. எடுத்து மேலங்கியில் துடைத்து மீண்டும் நுழைத்தார். மூன்றாவது முறை இரண்டு கைகளாலும் திருகினார். பின்பு கையை எடுத்துவிட்டார். சாவி பூட்டிலேயே நிற்க, நீல நாடா கீழே தொங்கி ஆடியது.

தன் கழுத்தில் மாட்டப்போகும் நாடா அதுதான் என்று நினைத்தாளோ என்னவோ, ஹெட்டி அதையே பார்த்தாள். கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்தாள். கண்களை இறுக மூடி முகத்தை உயர்த்தினாள்.

“நான் ஆடாம நிக்கிறேன், பிரபு.”

அவர் அந்தக் கழுத்தைப் பார்த்தார். அன்று முதல் தடவையாக என்னையும் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். காலடிகள் படியிறங்கின. ஹெட்டி ஆடாமல் நின்றாள்.