கணுக்காலில் ஒரு பிடி

கணுக்காலில் அந்தப் பிடி, ஐந்து விரல், சேறு, மேலே என் கையில் ஒரு வேர், இல்லை, நான் தேர்வறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், மின்விசிறி சுற்றுகிறது, மலைக்கும் மழைக்காட்டுக்கும் உள்ள தொடர்பை விளக்குக, ஐந்து மதிப்பெண்ணாம், மலை மேகத்தைத் தடுக்கிறது, மேகம் மழையாகிறது, மழை காடாகிறது, காடு வேரால் மலையைப் பிடித்துக்கொள்கிறது என்று எழுதுகிறேன், பிடித்துக்கொள்கிறது என்ற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது, மழை தொடங்கிவிடுகிறது, வால்பாறைப் பக்கத்துச் சரிவு, எங்கள் தாவரவியல் வகுப்பே வரிசையாக நடக்கிறது, ஒருபக்கம் தேயிலை, ஒருபக்கம் காடு, வழிகாட்டி கருப்பசாமி அண்ணன் என் காலைப் பார்த்து, அட்டை கடிச்சா ஒதறாதீங்க தம்பி, வயிறு நெறஞ்சா அதுவே விட்ரும் என்கிறார், அப்ப மெஸ்ஸுல நம்மளும் அட்டைதான் மாப்ள என்கிறான் பின்னால் வரும் பூபதி, சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் வழியெல்லாம் கூடவே வந்த ஓடைச் சத்தம் நின்றது, கொட்டுகிற மழையில் ஓடை நிற்குமா, மேல மண்ணு அடைச்சிருச்சு, காட்டுக்குள்ள ஓடுங்க என்றார் அண்ணன், குரலை உயர்த்தக்கூட இல்லை.

ஓடினோம், தேயிலைச் சரிவு பாய் சுருட்டுவதுபோல் சுருண்டு இறங்கியது, செடிகள் நின்றவாக்கில் போயின, எல்லோரும் காட்டுக்குள் ஏறிவிட்டார்கள், கடைசியில் நான், எனக்கும் பின்னால் பூபதி, என் கைக்கு அகப்பட்டது ஒரு மரத்தின் வேர், என்ன மரம் என்று கேட்டால் இன்றும் தெரியாது, தாவரவியல் இரண்டாம் ஆண்டு, வேர் மலையைப் பிடித்திருந்தது, நான் வேரை, பூபதி என் கணுக்காலை, அவனுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, என் விரல்கள் வழுக்குகின்றன, அதுவே விட்ரும், அதுவே விட்ரும், விடவில்லை, உதைத்தேன், ஒரே ஒரு முறை, அப்போதும் அவன் விடவில்லை, அண்ணன் கயிற்றோடு வந்து இருவரையும் இழுத்தார், நீ இல்லேன்னா நான் இல்ல மாப்ள என்று எல்லோர் முன்னாலும் பூபதி கட்டிக்கொண்டு அழுதான், ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள், நான் தலைகுனிந்து நின்றதை அடக்கம் என்றார்கள், அன்றிலிருந்து மழையென்றால்கூட எனக்கு அவ்வளவு பயமில்லை, அவனுக்குத் தெரியுமா, தெரியாதா, அந்தப் பயம்தான், மின்விசிறி சுற்றுகிறது, பேனா அதே சொல்லில் நிற்கிறது, கணுக்காலில் பிடி, இல்லை, இது பாதம், செருப்பு கழற்றிய பாதம், பின்பெஞ்சிலிருந்து நீண்டு வந்து அழுத்துகிறது, உதடசையாத பூபதியின் குரல், அன்னிக்கு ஒதச்சல்ல, தெரியும் மாப்ள, பேப்பரக் கொஞ்சம் சாய், சாய்க்கிறேன், உதறாமல் இருக்கிறேன், ஐந்து மதிப்பெண்ணுக்கும் எழுதி முடித்துவிட்டான், பாதம் இன்னும் என் கணுக்காலில்தான் இருக்கிறது.