வசில்காவின் வயிற்றில் ஏரி

வசில்கா திராக்னேவாவின் வயிற்றைத் திறந்தபோது உறிஞ்சுகுழாயில் முதலில் ரத்தம் வந்தது, அதன் பின்னால் ஏரித் தண்ணீர் வந்தது. செர்ரி பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து அவளுக்கு மண்ணீரல் கிழிந்திருந்தது. அறுவை மருத்துவர் ஸ்லாத்கா பேவா தண்ணீரைக் கண்டு அதிசயப்படவில்லை. ரோதோப்பி மலையில் அணை கட்டியபோது மூழ்கிப்போன ஊரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு உடம்பில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும் என்பது அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும். குடல்வால் எடுத்தால் ஒரு கோப்பை வரும், பித்தப்பைக்கு இன்னும் கொஞ்சம் கூட வரும்; உறிஞ்சிவிட்டுத் தைத்துவிடுவார்கள். வசில்காவுக்கு மட்டும் நிற்கவே இல்லை. கிழிந்த ரத்தக்குழாயை ஸ்லாத்கா இடது கை விரல்களால் நெரித்துப் பிடித்திருந்தாள். நூலால் கட்ட வேண்டிய இடமோ பச்சைத் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. உறிஞ்சுகுழாயின் முனை அடைத்துக்கொண்டது; ரத்தக்கட்டி என்று நினைத்துத் தட்டினாள், ஒரு கெண்டைக் குஞ்சு விழுந்தது.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. அணையில் எடுத்த மின்சாரமெல்லாம் பெருநகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கியது. கிடங்கிலிருந்து காலால் மிதிக்கும் பழைய உறிஞ்சியை எடுத்துவந்து தாழ்வாரத்தில் வைத்து, அதன் குழாயைக் கதவுக்கு அடியில் உள்ளே விட்டார்கள்.

"இது நிக்கிற தண்ணி இல்ல டாக்டர்," என்றாள் தாதி கென்கா. "ஏரியே உள்ள கெடக்கு."

"அப்ப ஏரிய எறைப்போம்," என்றாள் ஸ்லாத்கா. "மிதிக்கச் சொல்லு."

தாழ்வாரத்தில் காத்திருந்த வசில்காவின் கணவன் மின்ச்சோ லாரி ஓட்டுபவன். பூட்ஸைக் கழற்றிவிட்டு மிதிக்க ஆரம்பித்தான். சட்டை முழுக்க நனைந்தபோது வசில்காவின் தங்கை தொதோர்கா சொன்னாள்: "கல்யாணமாகி இன்னைக்குத்தான் மாமா அக்காவுக்காக ஒனக்கு வேர்க்குது. தள்ளு, நான் மிதிக்கிறேன்."

பிறகு மூழ்கிய ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மிதித்தார்கள். உறிஞ்சியின் புட்டி நிறைய நிறைய ஜன்னல் வழியே கொட்டினார்கள். தண்ணீர் தெருவில் இறங்கி, ரொட்டிக் கடையைத் தாண்டி ஓடிற்று. உள்ளே ஸ்லாத்காவின் இடது கை மரத்துப்போனது. பிடியைக் கென்காவிடம் மாற்றிக் கொடுக்கலாமே என்று மயக்க மருந்து கொடுப்பவர் கேட்டார். மாற்றும் நொடியில் ரத்தம் போய்விடும் என்று மறுத்துவிட்டாள். பிற்பகலில் அணையிலிருந்து சைக்கிளில் ஒருவன் வந்து, ஏரி இறங்குகிறது, மூழ்கிய தேவாலயத்து மணிக்கூண்டு தெரிகிறது என்று தாழ்வாரத்தில் சொன்னான். கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் தண்ணீர் வற்றி ரத்தக்குழாய் கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்லாத்கா அதை நூலால் கட்டி மண்ணீரலை எடுத்தாள். மரத்துப்போன அவள் விரல்களைப் பிரித்துவிட இன்னொருவர் வேண்டியிருந்தது.

மறுநாள் வசில்கா கண் விழித்துக் கேட்டாள்: "எதுவரைக்கும் வத்துச்சு?"

"மணிக்கூண்டு வரைக்கும்."

"எங்க வீடு அதுக்கும் கீழ டாக்டரம்மா."

"தெரியும். ஒங்க வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே தைச்சுட்டேன்."

அதன்பிறகு அந்த ஊர்க்காரர்களுக்கு அறுவை சிகிச்சை என்றால் ஏரி குறைந்திருக்கும் ஆகஸ்டில் வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. அவசரமென்றால் மட்டும் மருத்துவமனையிலிருந்து அணைக் காவலருக்குத் தொலைபேசியில் நோயாளியின் பெயரைச் சொல்வார்கள். அவர் போய் மதகைத் திறந்துவிடுவார்.