இரண்டு உடம்புக்கு ஒரே கணக்கு

அன்று மத்தியானம் அந்த மூன்றாம் மாடி வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். சுவரோரக் கட்டிலில், முதுகுக்கு மூன்று தலையணை அண்டக் கொடுத்துச் சாய்ந்திருந்தவன் மலை. தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவன். எந்த வீட்டு வாசலிலும் குனிந்துதான் நுழைவான், அப்படி ஒரு உயரம், அதற்கேற்ற அகலம். கட்டிலின் கால்மாட்டில் அவன் மனைவி, மடித்த செய்தித்தாளால் புருஷனுக்கு விசிறிக்கொண்டு. சன்னலோர மேசையில் மலையின் தங்கை கணவன். குடிநீர் அலுவலகத்தில் கடிதம் எழுதும் பிரிவில் வேலை. ஒரு கமா போடுவதா வேண்டாமா என்று அரைமணி நேரம் யோசிக்கிறவன் என்பதால் அவனுக்கு அங்கே 'கமா' என்றே பெயர் விழுந்துவிட்டது. நாலாவது ஆள் அவன் மனைவி சிட்டு. அவள் உட்காரவில்லை. கீழே குழாயடியிலிருந்து தூக்கி வந்த வாளியை வாசற்படியில் வைத்துவிட்டு, கதவுநிலையில் தோளைச் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாயேன் சிட்டு, தண்ணி எங்கயும் ஓடிப் போயிடாது" என்றாள் அண்ணி.

"வரேன் அண்ணி. ஒரு நிமிஷம்."

"இந்த ஒரு நிமிஷம் ஒவ்வொரு மாடிக்கும் ஒண்ணு" என்றான் கமா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விஷயம் இதுதான். பேருந்துக் கம்பெனி தன் ஆட்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இலவசமாக இதயப் பரிசோதனை வைத்தது. அண்ணனுக்குத் துணையாகப் போன சிட்டுவும், கொஞ்ச நாளாக மூச்சு முட்டுகிறதே என்று, கையோடு ஸ்கேன் எடுத்துக்கொண்டாள். இரண்டு அறிக்கையும் ஒரே உறையில் வந்தன. மலையின் இதய அறை ஆறு புள்ளி இரண்டு சென்டிமீட்டர்: 'வீங்கியுள்ளது.' சிட்டுவுக்கு நாலு புள்ளி ஆறு: 'இயல்பு.' அன்றோடு மலையிடமிருந்து பேருந்துச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாளைக் காலை கம்பெனியின் மருத்துவக் குழு கூடுகிறது. அதற்குள் பரிசோதனை நிலையம் தன் முடிவைத் திருத்தித் தராவிட்டால் மலை இனி ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. பணிமனை வாசலில் காவலுக்கு உட்கார வேண்டியதுதான்.

"பெரிய மனசுக்காரன்னு ஊரே சொல்லிச்சு. ஸ்கேன்லயும் பதிவாயிடுச்சு" என்றான் மலை.

"சிரிக்காதீங்க, மூச்சு போயிடும்" என்று மனைவி அதட்டினாள்.

அறிக்கை வந்த நாள் முதல் இந்த வீட்டில் இதே பாடுதான். மலை எழுந்தால் குற்றம், குனிந்தால் குற்றம். அண்ணி அவன் பக்கத்தை விட்டு அசைவதில்லை. ஆகவே அவர்கள் வீட்டுத் தண்ணீரும் கடைகண்ணியும் கீழ்மாடியில் இருந்த சிட்டுவின் தலையில் விழுந்தன. அவளுக்குத்தான் எல்லாம் இயல்பு என்று எழுதியே கொடுத்திருக்கிறதே! இரண்டொரு முறை அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டபோது, "அறிக்கையை எடுத்துப் பாரு, நீ நல்லாத்தான் இருக்கே" என்று கமா சொல்லியிருந்தான்.

முந்தின நாள்தான் மலை தானாக வேறொரு இதய மருத்துவரிடம் போய் வந்தான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "இவ்வளவு பெரிய உடம்புக்கு ரத்தம் அனுப்பணும்னா இதயமும் அதுக்குத் தக்கபடிதான்யா இருக்கும். நல்லா வேலை செய்யுது, போய் வண்டி ஓட்டு" என்றாராம். ஆனால் கம்பெனி தங்கள் நிலையத்தின் எழுத்தைத்தான் ஏற்கும். அதனால், எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்பதை ஒரு துண்டுத்தாளில் குறித்துக் கொடுத்திருந்தார். உயரத்தையும் எடையையும் கொண்டு உடம்பின் பரப்பைக் கணிக்க வேண்டும். இதய அறையின் அளவை அந்தப் பரப்பால் வகுக்க வேண்டும். மூன்றை ஒட்டி வந்தால் கவலையில்லை. அதைத் தாண்டினால் பார்க்க வேண்டும்.

கமாவுக்கு இப்படிப்பட்ட கடிதம் என்றால் உயிர். வாதம் படிப்படியாகப் போக வேண்டும், ஒரு படியும் ஆடக்கூடாது. எழுதியதை உரக்கப் படித்தான்.

"'ஐயா, உயரம், எடை, ஆண் பெண் என்கிற வேறுபாடு, வயது, உழைப்பு இவற்றைப் பார்க்காமல், எல்லார் இதயத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பது பொருந்தாது. என் மைத்துனரின் உடம்புப் பரப்பால் வகுத்தால் அவருடைய எண் இரண்டு புள்ளி நாலுதான்.' எப்படி மச்சான்?"

"மாப்ள, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

"அண்ணே, நல்லா அழுத்தி எழுதுங்க" என்றாள் மலையின் மனைவி.

சிட்டு இப்போதுதான் உள்ளே வந்து சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். "ஏங்க, எனக்கும் போட்டுப் பாருங்க. இந்த வாளி பெருசா நான் பெருசான்னு தெரியட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். கமாவும் சிரித்துக்கொண்டே அவள் அறிக்கையை உறையிலிருந்து உருவினான். அவள் உயரம் பள்ளிப் பிள்ளையின் உயரம். எடை முப்பத்தெட்டு கிலோ. பெருக்கினான், வர்க்கமூலம் எடுத்தான், வகுத்தான்.

பிறகு அதை அடித்துவிட்டு மறுபடி போட்டான்.

"என்ன மாப்ள, கணக்கு உதைக்குதா?"

கமா இன்னொரு முறை போட்டான். மூன்றாவது தடவையும் அதே எண் வந்தது. மூன்று புள்ளி ஏழு.

அண்ணி விசிறுவதை நிறுத்தினாள். அந்தச் சின்ன உடம்புக்குள் இருப்பது சின்ன இதயம் இல்லை. பெரிய ஆட்களுக்குப் போட்ட வரம்புக்குள் சாதுவாக ஒளிந்துகொண்ட, வீங்கிய இதயம்.

"அந்த டாக்டர் ஏதோ குத்துமதிப்பா எழுதிக் குடுத்திருப்பார்" என்றான் கமா. துண்டுத்தாளைத் தள்ளி வைத்தான். "இதையெல்லாம் நம்பி..."

"மாப்ள." மலை தலையணையிலிருந்து நிமிர்ந்தான். "கணக்கு தப்புன்னா தப்பு. என் கேஸையும் கிழிச்சுப் போடு. நான் வாசல்ல உட்கார்ந்துட்டுப் போறேன். ஆனா எனக்கு மட்டும் சரி, அவளுக்குத் தப்புன்னு எழுத முடியுமா உன்னால?"

கமா தாளைப் பார்த்தான். படிப்படியாக அவனே கட்டிய வாதம், ஒரு படியும் ஆடவில்லை. முதல்முறையாக, தான் எழுதியது தப்பாக இருக்கக்கூடாதா என்று அவன் மனசு கெஞ்சியது. தப்பென்றால் மச்சானின் வேலை போகும். சரியென்றால்... அந்த வாக்கியத்தை அவனால் முடிக்க முடியவில்லை.

சிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயந்தவள் போல இல்லை. நெடுநாள் வழக்கில் தீர்ப்பு கேட்டவள் போல இருந்தாள்.

"அப்ப நான் நடிக்கலைங்க" என்றாள்.

அண்ணிதான் முதலில் எழுந்தாள். வாசலுக்குப் போய் வாளியை உள்ளே இழுத்து வைத்துவிட்டு, சிட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். கட்டைவிரலால் அழுத்திய இடம் குழிந்தது; குழிந்தபடியே இருந்தது.

"இது எத்தனை நாளா?"

"செருப்பு சின்னதாப் போச்சுன்னு நெனச்சேன் அண்ணி."

மலை கட்டிலைவிட்டு இறங்கினான். யாரும் தடுக்கவில்லை. தங்கையை அப்படியே அள்ளிக் கட்டிலில் சாய்த்து, தன் முதுகுக்கு வைத்திருந்த மூன்று தலையணைகளையும் அவளுக்கு அண்டக் கொடுத்தான்.

"அண்ணே, நீ தூக்கக்கூடாது..."

"சும்மா கெட பாப்பா. எனக்கு ரெண்டு புள்ளி நாலு."

கமா புதுத் தாள் எடுக்கவில்லை. அதே கடிதத்தில், கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில், நெருக்கி எழுதினான். எந்தக் கமாவுக்கும் நிற்கவில்லை. எழுதி முடித்துப் படித்தான், பழக்கத்தை விட முடியாமல்.

"'மேற்படி கணக்கின்படியே என் மனைவியின் இதயம் அவள் உடம்புக்கு மிகப் பெரிதாக இருக்கிறது தாங்கள் இயல்பு என்று எழுதியிருக்கிறீர்கள் நானும் அதை நம்பினேன் நாளைக் காலை அவளை அங்கே அழைத்து வருகிறேன் முதலில் அவளைப் பாருங்கள்.'"

"என் கேஸு?" என்றான் மலை.

"மேல இருக்கு மச்சான். ஒரு எழுத்தும் எடுக்கல."

"எடுத்தாலும் பரவாயில்ல."

கமா கடிதத்தோடு இரண்டு அறிக்கையையும் மடித்து உறைக்குள் வைத்தான். பசை காய்ந்து போயிருந்தது. உறையின் நாக்கை நாலு தடவை அழுத்தியும் ஓரம் எழும்பியது. மலையின் மனைவி தண்ணீரில் விரலை நனைத்துத் தடவினாள். ஒட்டிக்கொண்டது.

"நானே கொண்டு போறேன்" என்று மலை சட்டையை மாட்டி, உறையைப் பையில் செருகிக்கொண்டு, வாசலில் குனிந்து வெளியேறினான். படிகளில் அவன் இறங்கும் சத்தம் தடதடவென்று கேட்டது. எந்த மாடியிலும் நிற்காமல் கீழே வரைக்கும் போனது. சிட்டு அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். கமா அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான்.