எடுத்துப்போட்டேனுங்க

சஹீருக்குக் கை சும்மா இருக்காது. ஆனைமலைக் கல்யாண மண்டபத்தில் பெரிய திரையான எல்.இ.டி. சுவரை மாட்டி, வயர் இழுத்து, கேமராவையும் சோதித்து எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகும், லேப்டாப்பின் மூலையில் அப்டேட் வந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்த சின்னப் பெட்டியை அவனால் விட முடியவில்லை. அமுக்கினான். விசேஷ நாளில் ஒன்றையும் தொடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள்தான். லேப்டாப் அணைந்து எழுந்தது. அதன் திரை மட்டும் எழவில்லை. கன்னங்கரேலென்று கிடந்தது.

சாதாரணக் கல்யாணமாக இருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டான். மாப்பிள்ளை மனோஜ்குமாருக்கு அன்று மாலை இணைச்சீர். கூடப்பிறந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டிய சீர் அது. ஆனால் அக்கா புவனா கனடாவில் மாட்டிக்கொண்டிருந்தாள். விசாவுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் திரும்பி வரவில்லை. அவளுக்குப் பதிலாகச் சித்தப்பா மகள் உட்காருவது, புவனா சுவரில் பெரிதாகத் தெரிந்து கூடவே இருப்பது என்று அப்பா நஞ்சுண்டன் முடிவு செய்திருந்தார். அந்த வீட்டார் தேறியதே அந்த ஏற்பாட்டைக் கேட்ட பிறகுதான். போனில் காட்டிவிடலாமே என்று சஹீர் அப்போதே கேட்டுப் பார்த்தான்.

"போன்ல காட்டுனா நாலு பேருக்குத்தான் தெரியுமுங்க. எம்புள்ளையச் சொந்தம் பூராப் பார்க்கோணும். அதான் நீங்க இருக்கீங்கல்லோ" என்றார் நஞ்சுண்டன்.

அந்தக் கடைசி வார்த்தைதான் இப்போது அவன் காதில் திரும்பத் திரும்ப ஓடியது.

பிரான்சிஸுக்குப் போன் போட்டான். பிரான்சிஸ் தூத்துக்குடிக்காரர், சென்னையில் வேலை. லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். சிஸ்டம் புதுசாகிவிட்டது, படம் காட்டுகிற கிராபிக்ஸ் டிரைவர் பழசாகவே நிற்கிறது, இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான் என்றார். கீபோர்டில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கச் சொன்னார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் வந்தது. பழைய டிரைவரை எடுத்துவிட்டுப் புதுசைப் போட வேண்டும் என்று எடுக்கிற கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னார். அடுத்த கட்டளையைச் சொல்லும்போது பார்த்து நாதஸ்வரக்காரர் ஒத்திகை தொடங்கிவிட்டார். சஹீர் காதில் ஒன்றும் விழவில்லை. சரி, சொன்னவரைக்கும் செய்வோம், மீதியை அப்புறம் சொல்வார் என்று அடித்து முடித்தான்.

"எடுத்துப்போட்டேனுங்ணா."

"அப்பம் ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

பண்ணினான். கறுப்பு. பிரான்சிஸ் அப்டேட்டுக்கு முந்தின பழைய கெர்னலில் ஏறிப் பார்க்கச் சொன்னார். ஏறினான். கறுப்பு. லேப்டாப் எழும்போதே திறக்கிற பயாஸ் அமைப்புக்குள் போய் எதையோ மாற்றச் சொன்னார். மாற்றினான். அதே கறுப்பு. போட்டோ எடுக்க வந்தவர்களிடம் லேப்டாப் கேட்டால், கோயமுத்தூர் ஸ்டுடியோவில் இருக்கிறது என்றார்கள். இதற்குள் பந்திக்கு ஆள் கூப்பிட்டாயிற்று. நஞ்சுண்டன் பின்னால் வந்து நிற்பதும் போவதுமாக இருந்தார். மனுஷன் நாலு வார்த்தை திட்டித் தொலைத்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். "ஆயிருமுங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். ஆயிருமுங்க என்று சொல்லச் சொல்ல சஹீருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மேடையில் அருமைக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். கொங்குக் கல்யாணத்தில் சீரெல்லாம் முன்னின்று செய்து வைக்கும் பெரியவர். யாருக்காகவும் நேரத்தைத் தள்ளிப்போட மாட்டார்.

பிரான்சிஸின் குரலிலும் இப்போது சிரிப்பு இல்லை. மறுபடி அந்த மூன்று கட்டைகளை அமுக்க வைத்து, எந்த டிரைவர் ஓடுகிறது என்று பார்க்கிற கட்டளையைச் சொல்லி, வருவதை அப்படியே படிக்கச் சொன்னார். படிப்பதற்கு அங்கே ஒன்றுமே வரவில்லை.

"எடுத்துப் போட்டேன்னு சொன்னியே தம்பி. எங்க போட்ட?"

"எங்கயும் போடலீங்ணா. பழசத்தான் எடுத்துப்போட்டனே."

"பழச எடுத்து, புதுசப் போட்டேன்னுல்லா நான் நெனச்சேன்."

"அய்யோ, எங்கூர்ல எடுத்துப்போட்டேன்னா எடுத்தாச்சுன்னு அர்த்தமுங்ணா. வேற ஒண்ணையும் போடறதில்லீங்க."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சஹீர் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். டிரைவரே இல்லாத லேப்டாப்பைத்தான் இத்தனை நேரம் அணைத்து அணைத்து எழுப்பியிருக்கிறார்கள்.

பிரான்சிஸ் புதுசைப் போடுகிற கட்டளையைச் சொன்னார். மண்டபத்து இன்டர்நெட் சாவகாசமாக இறக்கிக்கொண்டிருந்தது. சஹீர் உட்கார்ந்தான், எழுந்தான், வயரை ஆட்டினான், மறுபடி உட்கார்ந்தான். மேடையில் சீர் ஆரம்பமாகிவிட்டது. மடித்த கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை கையிலும் மறுமுனையைச் சித்தப்பா மகள் கையிலும் அருமைக்காரர் கொடுத்தார். மனோஜ்குமார் தலையைத் திருப்பி இருட்டுச் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். அந்தப் பார்வையைச் சஹீரால் தாங்க முடியவில்லை.

இறங்கி முடிந்தது. கடைசியாக ஒருமுறை அணைத்து எழுப்பினான். திரை வெளுத்தது. புவனாவுக்கு அனுப்பியிருந்த லிங்க்கைத் திறந்து சுவருக்குத் தள்ளினான்.

சுவர் முழுக்க ஒரு வீட்டின் நடுக்கூடம். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, புவனா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கத்திலிருந்து யாரும் லைனில் வராததால், சொல்லியிருந்த நேரத்துக்கு அவளாகவே சீரைத் தொடங்கிவிட்டாள் போலிருக்கிறது. மடித்த சேலை ஒன்றின் முனை அவள் கையில் இருந்தது. மறுமுனை பக்கத்தில் ஆளில்லாத ஒரு பலகைமேல் கிடந்தது. தன்னை யாரும் பார்க்கிறார்கள் என்பதே தெரியாமல் அவள் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டபமே சுவர் பக்கம் திரும்பியது. நஞ்சுண்டன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மனோஜ்குமார் "அக்கா" என்றான். மைக் இல்லாமலே அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அருமைக்காரர் சுவரைப் பார்த்தார். பிறகு சித்தப்பா மகளிடம் குனிந்தார்.

"அந்த முனையக் கீழ வெய்யி அம்மணி. அதைப் புவனா புடிச்சிருக்குது."